தோட்டத்துப் பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?



கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் பெற்றோரைச் சந்திக்கும்போதெல்லாம் நம்மிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "பள்ளிக்கூடம் அரசாங்கத்துடையது என்கிறார்கள். வாத்தியார்களுக்கு அரசாங்கம்தான் சம்பளம் கொடுக்கிறது. அப்படியிருக்கக் கூரை ஒழுகினால் மட்டும் நன்கொடை அட்டையை ஏன் எங்கள் கையில் கொடுக்கிறார்கள்?" நியாயமான கேள்விதான். கேட்பவர் கோபமாகத்தான் கேட்கிறார். ஆனால் அந்தக் கோபம் பெரும்பாலும் தலைமையாசிரியர் மீதே போய் விழுகிறது. கூரைக்கு அரசாங்கம் பணம் தருமா தராதா என்பது தலைமையாசிரியர் கையில் இல்லை. அது பள்ளி நிற்கும் மண் யாருடையது என்பதைப் பொறுத்தது. இதைப் புரிந்துகொள்ள நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்து வந்த ஊருக்கு 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அதனருகேதான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917ஆம் ஆண்டில் ஆன்ரி போகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே செம்பனை நட்டார். இந்த நாட்டில் வாணிபத்துக்காகப் பயிரான முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னமரம் என்று பெயர் அமைந்தது வேடிக்கைதான். அந்தப் பெயரைச் சொல்லும் வாய் எந்த மொழிக்காரருடைய வாய் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. மரம் நட ஆள் வந்தது. ஆளோடு குடும்பம் வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டியதாயிற்று.

அந்தப் பள்ளியை யார் நடத்துவது? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இதற்கு ஒரு விடை சொன்னது. ஒரு தோட்டத்தில் ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளியின் பொறுப்பு கல்வி அதிகாரியிடம் போகவில்லை. முதலாளியின் கையில் விழுந்தது. துரைக்குப் பள்ளி ஒரு செலவுக் கணக்கு. ஆகவே எவ்வளவு குறைவாகச் செய்ய முடியுமோ அவ்வளவு குறைவாகச் செய்த தோட்டங்களே மிகுதி. ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, கோயில் மண்டபத்தில் ஒரு மூலை, இப்படித்தான் பல பள்ளிகள் தொடங்கின. எழுத்துத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பூசாரியோ பாடம் சொன்னார். பல இடங்களில் நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு பையன் பால்வாளி தூக்கப் போனான். அரசாங்கம் கொஞ்சம் மானியம் கொடுத்ததும் உண்டு. ஆனால் நிலம் தோட்டத்துடையது. கட்டடமும் தோட்டத்துடையது. ஆசிரியரை வைப்பதும் நீக்குவதும் தோட்டத்தின் விருப்பம்.

நம்முடைய எண்ணத்தில், இன்றைய சிக்கலின் வேர் அந்த 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. பள்ளியைக் கொடுத்த சட்டம் பள்ளிக்கு நிலத்தைக் கொடுக்கவில்லை.

சுதந்திரத்தை ஒட்டி நிலைமை மாறியது. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை, 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 1960ஆம் ஆண்டு ரஹ்மான் தாலிப் அறிக்கை, 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஆகிய நான்கும் அடுத்தடுத்து வந்தன. தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி அமைப்புக்குள் சேர்ந்தன. பொதுவான பாடத்திட்டம் வந்தது. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றது. 1962ஆம் ஆண்டு முதல் ஆரம்பக் கல்விக்குக் கட்டணம் இல்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு இது சிறிய மாற்றம் அல்ல. துரையின் தயவில் இருந்த வாத்தியார் அரசாங்க ஊழியராகிவிட்டார். துரை மாறினாலும் அவர் வேலை போகாது.

ஆயினும் ஒன்று மாறவில்லை. மண் மாறவில்லை. பள்ளி நின்ற இடம் தோட்டத்தின் பட்டாவிலேயே இருந்தது. இதிலிருந்துதான் இரண்டு வகைப் பள்ளிகள் தோன்றின. ஒன்று முழு உதவி பெறும் பள்ளி. மற்றொன்று பகுதி உதவி பெறும் பள்ளி. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழும் இந்த வேறுபாடு தொடர்கிறது.

முழு உதவிப் பள்ளி அரசாங்க நிலத்தில் நிற்கிறது. அதன் கட்டடம் அரசாங்கத்தின் சொத்து. புதிய மாடி வேண்டுமானால் அரசாங்கத்தின் மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்ப்பார்கள். பகுதி உதவிப் பள்ளி தனியார் நிலத்தில் நிற்கிறது. அந்தத் தனியார் தோட்ட நிறுவனமாக இருக்கலாம். பள்ளி வாரியமாகவோ கோயிலாகவோ அறநிலையமாகவோ இருக்கலாம். இப்பள்ளியிலும் ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையதே. பாடநூலும் உண்டு. வறிய பிள்ளைகளுக்கான துணை உணவுத் திட்டமும் உண்டு. மாணவர் தொகையை ஒட்டிக் கொடுக்கும் தலைவரி மானியமும் உண்டு. ஆனால் கட்டடம் என்று வந்தால் அது அரசாங்கத்தின் கடமை என்ற நிலை இல்லை. விண்ணப்பம் எழுத வேண்டும். அந்த ஆண்டில் ஒதுக்கீடு இருந்தால் கிடைக்கும். இல்லையென்றால் பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நன்கொடை அட்டையோடு லயம் லயமாக வர வேண்டும். நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. நம் வட்டாரத்துப் பழைய தோட்டப் பள்ளிகளின் கதையும் இதுவே.

அரசாங்கத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். பொதுப்பணத்தில் பத்து லட்சம் வெள்ளிக்குக் கட்டடம் எழுப்பி, நாளைக்கு நிலத்துக்காரர் அந்த இடத்தை விற்றுவிட்டால் என்ன ஆகும்? பிறர் நிலத்தில் அரசாங்கம் கட்டியதற்குக் கணக்குத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அதிகாரி தயங்குகிறார். தயக்கம் சரி. அந்தத் தயக்கத்தின் சுமை, நிலத்தில் எந்த உரிமையும் இல்லாத தொழிலாளியின் மேல் வந்து விழுவதுதான் சரியில்லை.

இங்கே இலங்கை மலையகத்தை நினைத்துப் பார்க்கலாம். அங்கும் நம்மைப் போன்ற தேயிலை, ரப்பர் தோட்டங்கள். அங்கும் கொட்டகைப் பள்ளிகள். ஆனால் 1972ஆம் ஆண்டிலும் 1975ஆம் ஆண்டிலும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்களே அரசுடைமையாயின. அதன் பின்னர் தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் படிப்படியாக ஏற்றபோது, நிலத்துக்காகத் தனியார் முதலாளியிடம் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. 1980களில் சுவீடன் நாட்டு உதவியோடு அங்கே பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன. அங்குள்ள மற்றக் குறைகள் வேறு கதை. நிலம் யாருடையது என்ற ஒரு கேள்வி தீர்ந்தால் மற்றவை எவ்வளவு எளிதாகின்றன என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

நம் நாட்டில் நிலக் கேள்விக்குள் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அரசியலமைப்புச் சட்டப்படி கல்வி மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. நிலமோ மாநில அரசாங்கத்தின் பொறுப்பு. ஆசிரியரை அனுப்புவது புத்ராஜெயா. பட்டாவைக் கவனிப்பது மாநிலத்து நில அலுவலகம். நடுவில் தோட்ட நிறுவனம். பள்ளிக்கு ஒரு துண்டு நிலம் கிடைக்க வேண்டுமானால் இந்த மூவரும் ஒத்துப்போக வேண்டும். முதலில் தோட்டக்காரர் நிலம் தரச் சம்மதிக்க வேண்டும். அந்தத் தோட்டம் வங்கியில் அடைமானத்தில் இருந்தால் வங்கியும் சம்மதிக்க வேண்டும். பின்னர் நில அளவையாளர் வந்து கல் நட்டு, பெரிய பட்டாவிலிருந்து பள்ளி நிலத்தைப் பிரிக்க வேண்டும். பிரித்த நிலத்தை மாநிலத்திடம் ஒப்படைத்தால், மாநிலம் அதைப் பள்ளிக்கென ஒதுக்கி அரசாங்கப் பதிவேட்டில் வெளியிட வேண்டும். பெரிய தோட்டத்தில் ஓரிரண்டு ஏக்கரைப் பிரிக்க இவ்வளவா என்று கேட்கலாம். ஆம், இவ்வளவுதான். இதில் எந்த ஒரு படியிலும் கோப்பு உறங்கிவிடலாம். ஒரு மேனேஜர் மாற்றலாகிப் போனால், அடுத்தவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

முதலாளியே இசையாவிட்டால்? பொது நோக்கத்துக்காக நிலத்தைக் கையகப்படுத்த 1960ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது. இழப்பீடு கொடுக்க வேண்டும், அவ்வளவே. சாலைக்கும் அணைக்கும் பயன்பட்ட அந்தச் சட்டம் தோட்டத்துப் பள்ளிக்கு ஏன் அதிகம் பயன்படவில்லை என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

முதலாளிகளும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 1950களின் இறுதியில் ஆங்கிலேயர் தோட்டங்களை விற்றுத் துண்டாடத் தொடங்கியபோது பல குடும்பங்கள் வீட்டையும் வேலையையும் இழந்தன. அதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பின்னாளில் பெரிய நிறுவனங்களே ஒன்றோடொன்று சேர்ந்தன. கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் 2007ஆம் ஆண்டில் ஒன்றாயின. அந்தத் தோட்டத் தொழில் நிறுவனம் 2024ஆம் ஆண்டில் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஒரே லயத்தில் ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவர், தாம் வேலை செய்த நிறுவனத்தின் பெயரை மூன்று நான்கு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாய்மொழியாக ஒரு துரை கொடுத்த வாக்கு இத்தனை கைமாற்றங்களுக்குப் பிறகு எங்கே நிற்கும்? "பள்ளி நிலம் பள்ளிக்குத்தான் என்று பழைய மேனேஜர் சொன்னார்" என்று பெரியவர்கள் நம்மிடம் சொல்வதுண்டு. அவர் சொல்லியிருப்பார். அதில் நமக்கு ஐயமில்லை. பட்டாவில் அது ஏறவில்லை என்பதுதான் துன்பம்.

இனிப் பணத்தைப் பார்ப்போம். கடந்த சில ஆண்டுகளில் கட்டடத்துக்கான உதவி முறையில் மாற்றம் வந்திருக்கிறது. பழைய காலத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கென்று தனி ஒதுக்கீடு காண்பது அரிது. 2012ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கு 10 கோடி வெள்ளி, அதாவது 100 மில்லியன், தனியே ஒதுக்கப்பட்டது. பெரிய தொகைதான். ஆனால் அப்போது நாட்டில் இருந்த ஏறக்குறைய 523 தமிழ்ப்பள்ளிகளுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒரு பள்ளிக்கு ஏறத்தாழ 191,000 வெள்ளி வரும். இதைக் கொண்டு கூரை மாற்றலாம், கழிப்பறை கட்டலாம். மாடி எழுப்ப முடியாது. ஆகவே சமமாகப் பங்கிடுவதில்லை. சில பள்ளிகளுக்குப் பெருந்தொகை போகும். பல பள்ளிகள் காத்திருக்கும். 2019ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளின் பங்கு 50 மில்லியன். முன்னதில் பாதி. ஆண்டுதோறும் எவ்வளவு என்பது அந்தந்த ஆண்டின் முடிவு. அரிசி விலையைப் போல ஏறும், இறங்கும். இதை நம்பிப் பள்ளி வாரியம் ஐந்தாண்டுத் திட்டம் போட முடியாது.

மாநிலத்திலிருந்தும் பணம் வரத் தொடங்கியது. 2008ஆம் ஆண்டு மார்ச் தேர்தலுக்குப் பிறகு அமைந்த சிலாங்கூர் மாநில அரசாங்கம், தமிழ்ப்பள்ளிகளுக்கென ஆண்டுக்கு 4 மில்லியன் வெள்ளி ஒதுக்கியது. பின்னர் அது 5 மில்லியன் ஆனது. கல்வி மத்திய அரசாங்கத்தின் வேலை என்று கைகழுவிவிடாமல் மாநிலம் முன்வந்தது பாராட்டுக்குரியது. சிலாங்கூரில் ஏறக்குறைய நூறு தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. கணக்குப் போட்டால் ஒரு பள்ளிக்குச் சராசரி 50,000 வெள்ளி. மாநிலம் ஆசிரியரை நியமிக்க முடியாது; பாடத்திட்டத்தைத் தொட முடியாது. ஆனால் அதன் கையில் பணத்தைவிடப் பெரிய பொருள் ஒன்று இருக்கிறது. அதுதான் நிலம். மாநிலத்திடம் ஐம்பதாயிரம் வெள்ளி கேட்கும் வாரியம், அதே மனுவில் நிலப்பட்டாவையும் கேட்டால் நல்லது என்று நமக்குத் தோன்றுகிறது. பணம் அடுத்த ஆண்டு செலவாகிவிடும்.

பெற்றோர் கைக்கே நேரே வரும் உதவிகளையும் தெரிந்துகொள்வோம். பாடநூல் இரவல் திட்டம் 1975ஆம் ஆண்டில் வறிய பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. 2008ஆம் ஆண்டு முதல் பெற்றோரின் வருமானம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் நூல் கிடைக்கிறது. பல பெயர்களில் ஆரம்பப் பள்ளி மாணவரிடம் வாங்கப்பட்ட 24 வெள்ளி 50 காசு, 2012ஆம் ஆண்டு முதல் நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டில்தான் ஒரு பிள்ளைக்கு 100 வெள்ளி என்று பள்ளித் தொடக்க உதவியும் வந்தது. இடையில் அதை வருமான வரம்புக்குள் அடக்கினார்கள். 2023ஆம் ஆண்டில் 150 வெள்ளியாக உயர்த்தி வருமானம் பாராமல் எல்லாருக்கும் கொடுத்தார்கள். ஆகவே இது அரசாங்கத்தின் பணம்; யாருடைய நன்கொடையும் அன்று. கையெழுத்துப் போட்டு வாங்கும்போது யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. 2003ஆம் ஆண்டு முதல் பிள்ளையை ஆரம்பப் பள்ளிக்கு அனுப்புவது சட்டப்படி கட்டாயம். அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். பெற்றோருக்குச் சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இருக்கும்போது, அந்தப் பிள்ளை உட்காரும் கூரைக்கு யார் பொறுப்பு என்று கேட்கப் பெற்றோருக்கும் உரிமை உண்டு.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு நெருக்கடி நிற்கிறது. அதுதான் பிள்ளைகளின் எண்ணிக்கை. சுதந்திரத்தின்போது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அண்மை ஆண்டுகளில் 520க்குச் சற்று மேல். போனவற்றில் பெரும்பாலானவை தோட்டத்துச் சிறு பள்ளிகள். சில இணைக்கப்பட்டன, சில மூடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவு. வந்த ஆளும் பெரும்பாலும் குடும்பமில்லாமல் வரும் வெளிநாட்டுத் தொழிலாளர். நம் குடும்பங்கள் ரவாங்குக்கும் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் நகர்ந்தன. கல்வி அமைச்சின் கணக்கில் 150 மாணவருக்கும் குறைவான பள்ளி 'மாணவர் குறைந்த பள்ளி'. நம் வட்டாரத்தில் இந்த வகைப் பள்ளிகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. பிள்ளை குறைந்தால் தலைவரி மானியமும் சுருங்கும். மானியம் சுருங்கிய பள்ளியைப் பார்த்துப் பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவர். மாற்றினால் இன்னும் குறையும். செம்பனைக்கு நடுவே உள்ள ஒரு பள்ளியில் நாம் கண்டது இது: மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்து படித்தார்கள். ஆசிரியை ஒரு வகுப்புக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு, மறுவகுப்புக்குத் திரும்பி வாசிக்கச் சொன்னார். பிள்ளைகள் நன்றாகவே வாசித்தார்கள். வெளியே வந்தால் சுவர் வெடித்திருந்தது. விண்ணப்பம் போட்டிருப்பதாக வாரியத் தலைவர் சொன்னார். எப்போது போட்டது என்று நாம் கேட்கவில்லை.

பள்ளியை மூடாமல் காக்க ஒரு வழி உண்டு. தோட்டத்தில் பிள்ளை இல்லையென்றால், பள்ளியின் உரிமத்தை மக்கள் குடியேறிய வீடமைப்புப் பகுதிக்கு மாற்றுவது அது. மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்று ஷா ஆலாம் ஏழாம் பிரிவில் இருக்கிறது. சுற்றிலும் தோட்டம் இல்லை. பெயரில் மட்டும் தோட்டம் இருக்கிறது. புதிய தமிழ்ப்பள்ளிக்கு அனுமதி பெறுவது கடினம் என்பதால் இருக்கும் உரிமம் பெரும் பொருள். தோட்டத்தில் எஞ்சியிருக்கும் இருபது குடும்பங்களுக்கு இது இழப்பு என்பதை நாம் மறைக்கவில்லை. பிள்ளையைப் பேருந்தில் அனுப்ப வேண்டும்; பேருந்துக் கட்டணம் மாதம் தவறாமல் வரும். ஆயினும் உரிமம் ஒருமுறை போனால் போனதுதான்.

முழு உதவிப் பள்ளியாக மாறலாமா என்பதில் நம் மக்களிடையே இரண்டு கருத்து உண்டு. நிலத்தை அரசாங்கத்திடம் ஒப்படைத்தால் பள்ளி வாரியத்தின் பிடி தளர்ந்துவிடும், பள்ளியின் தன்மை மாறிவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். சொந்த நிலமும் நிதியும் உள்ள நகரத்து வாரியம் அப்படி எண்ணுவதில் பொருள் உண்டு. தோட்டத்துப் பள்ளிக்கு இது பொருந்துமா? அங்கே நிலம் வாரியத்துடையதே அன்று. இல்லாத நிலத்தை இழப்பதற்கு அஞ்ச என்ன இருக்கிறது? தோட்ட நிறுவனத்தின் பட்டாவிலிருந்து விடுபட்டு, பள்ளிக்கென்று ஒதுக்கப்பட்ட நிலத்தில் பள்ளி நிற்பதே தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்பது நம் கருத்து. வாரியத்துக்கு அதன் பிறகும் வேலை இருக்கும்.

ஆகவே பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தங்கள் பள்ளி எந்த வகை என்பதையே. தலைமையாசிரியரைக் கேட்டால் சொல்லிவிடுவார். பகுதி உதவிப் பள்ளி என்றால், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் நிலத்தின் எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு நில அலுவலகத்துக்குச் சென்று, சிறு கட்டணம் செலுத்தி, நிலப் பதிவு விவரத்தைப் பெறலாம். உடையவர்தான் போக வேண்டும் என்பதில்லை, யாரும் பெறலாம். கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் ஆகிய ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு நில அலுவலகம் உண்டு. கிடைக்கும் தாளில் மூன்று இடங்களைப் பாருங்கள்: உடையவர் பெயர் யார், நிலத்தின் பயன்பாடு என்னவென்று எழுதியிருக்கிறது, வங்கி அடைமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா. பயன்பாடு என்ற இடத்தில் செம்பனை என்றோ ரப்பர் என்றோ இருந்தால், நில அலுவலகத்தின் ஏட்டில் உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி இன்னும் காடாகத்தான் இருக்கிறது. அந்தத் தாளின் நகல் ஒன்றை வாரியத்திடம் கொடுத்து, ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.